உங்கள் கருவி எங்கள் பட்டியலில் இல்லை

மருதாசலம் உயிரோடு இல்லை என்று வங்கி மூன்றாவது முறையாகச் சொன்னபோது, அவர் சாம்பாரில் புளி போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தெய்வானைக்கு யார்மேல் முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை இன்னொரு தரம் படித்தாள். 'உங்கள் கருவி எங்கள் பட்டியலில் இல்லை. வாடிக்கையாளர் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்படவில்லை. தங்கள் துயரில் பங்கு கொள்கிறோம்.' கீழே ஒரு வெள்ளைத் தாமரைப் படம் வேறு.

"என்ன சொல்றாங்க?" என்றார் மருதாசலம். அவர் வாய் அசையவில்லை. சட்டைப்பையில் பேனா மாதிரி செருகியிருந்த ஒலிபெருக்கி பேசியது.

"நீங்க செத்துப் போயிட்டீங்களாம்."

"எப்பவாம்?"

"அதச் சொல்லல. பூப்படம் மட்டும் போட்டிருக்கறாங்க."

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருதடவை தாங்கள் இன்னும் சாகவில்லை என்று வங்கிக்கு நிரூபிக்கிற வழக்கம் நம் நாட்டில் பழையது. ஒரு காலத்தில் நேரில் போய் நின்றால் போதும். பிறகு கைரேகை கேட்டார்கள், பிறகு கண். இந்த வருஷத்திலிருந்து மன ஒப்பம். வங்கி ஒரு கேள்வி கேட்கும். பதில் சொல்லும்போது மூளையில் ஓர் அலை எழும்பும். ஒருவர் அலை இன்னொருவருக்கு வராது. அதைப் படிக்க எல்லோரும் காதுக்குப் பின்னால் ஆல்டாவோ பெர்மாவோ ஏதோ ஒரு கருவியை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் நூறு பேரைப் பிடித்தால் தொண்ணூற்றொன்பது பேரிடம் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

மருதாசலத்திடம் இருந்தது நொய்யல். எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஹோப் காலேஜ் பகுதியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் சில பொறியாளர்கள் கூட்டுறவு சங்கம் வைத்துச் செய்த கருவி அது. மண்டைக்குள் ஒரு சிறு தகடு, வெளியே ஒலிபெருக்கி. அவர் நினைக்கிற சொல்லைக் கற்றுக்கொள்ள அதற்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. குரலைப் பழைய கல்யாண வீடியோக்களிலிருந்து தெய்வானைதான் தேடிக் கொடுத்தாள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தலையில் அது ஓடிக்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் அதில் ஒரு கோளாறு இருந்தது. நினைத்ததையெல்லாம் சொல்லிவிடும். பொள்ளாச்சியில் தெய்வானையின் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில், பந்தி நடக்கையில், "வளையல்ல பாதி கவரிங்" என்று சம்பந்தி வீட்டார் எதிரிலேயே உரக்கச் சொல்லிவிட்டது. கல்யாணம் நின்று போகாதது மருதமலையான் புண்ணியம். அடுத்த வாரமே கூட்டுறவு சங்கத்து நாச்சிமுத்து ஒரு வழி செய்து கொடுத்தார். மருதாசலம் நினைப்பது முதலில் தெய்வானையின் வலது காதுத் தோட்டுக்கு வரும். அவள் தோட்டைத் தொட்டுச் சரி என்று நினைத்தால் ஒலிபெருக்கிக்குப் போகும். தொடாவிட்டால் போகாது. பழகப் பழக அவள் கை தானாகவே காதுக்குப் போய் வந்தது. புடவைத் தலைப்பைச் சரிசெய்வதைப் போல அதுவும் ஓர் அனிச்சைப் பழக்கமாகிவிட்டது.

வங்கி செத்துப் போனார் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருக்க முடியாதபடி ஒரு சட்டம் குறுக்கே நின்றது. அப்பன் செத்த பிறகும் அவன் கருவியை அணைக்காமல் வைத்திருந்து, அதைக்கொண்டே மன ஒப்பம் போட்டு நிலம் விற்ற பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அதனால் வங்கி இறந்ததாகக் குறித்த பதினைந்தாம் நாள், அந்த ஆளின் தலைக்குள் இருக்கும் கருவி எதுவானாலும் தானாக அணைக்கப்படும். மருதாசலத்துக்கு அந்தப் பதினைந்தாம் நாள் வருகிற வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு அவர் குரல் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலையில் தெய்வானை அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சிங்காநல்லூர் கிளைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தத் தென்கொங்குக் கூட்டு வங்கியில் இப்போது மனிதர்கள் உட்காரும் கவுன்ட்டர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதில் ஷர்மிளா பானு உட்கார்ந்திருந்தாள். 'கருவி இணக்கப் பிரிவு' என்று பலகை. முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை.

"கண்ணு, இதா பாரு, இவருதான். மூச்சு உடறாரு. கொட்டாவி கூட உடறாரு. செத்த ஆளு கொட்டாவி உடுவாங்களா?"

"எனக்குத் தெரியுதுங்கம்மா. சிஸ்டத்துக்குத்தான் தெரியல."

"அப்ப நீயே உசுரோட இருக்கறாருன்னு எழுதிப் போடு."

"முன்னாடி அப்பிடி ஒரு பொத்தான் இருந்துச்சுங்க. யார் யாரையோ கூட்டிட்டு வந்து இவருதான் அவருன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. எடுத்துட்டாங்க. ஆளு கையால உசுரு குடுக்கற வேலை இப்ப பேங்க்ல யாருக்கும் இல்லைங்கம்மா."

பானு குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு வழி இருக்குது. ஆல்டாவுக்கு மாத்திக்குங்க. பேங்கே இலவசமா மாத்திக் குடுக்கும். அரை மணி நேரத்துல உசுரு வந்துரும்."

"மாத்தினா இவரு பேச்சு?"

"ரெண்டும் ஒண்ணா ஓடாதுங்க, முதல்லருந்து பழகணும். ஆனா ஆல்டால அது பிரச்சினையே இல்லைங்க. நாம ஒரு சொல்லு நினைச்சா மீதிய அதுவே முடிச்சுக் குடுத்துரும்."

தெய்வானைக்கு அது தெரியும். சூலூர் கணக்கு வாத்தியாரும் நொய்யல்காரர்தான். போன மாசம் இதே கவுன்ட்டரில் இதே பதிலைக் கேட்டு ஆல்டாவுக்கு மாறிவிட்டார். மாறின பிறகு போய்ப் பார்த்தபோது அவர் மனைவி, "தோசைக்குச் சட்னியா, பொடியா?" என்று கேட்டாள். வாத்தியார், "தாங்கள் எது தந்தாலும் மிக்க மகிழ்ச்சியே" என்றார். நாற்பது வருஷமாகப் பொடிக்கு எண்ணெய் போதவில்லை என்று சண்டை போட்ட மனுஷன். அந்த அம்மாள் அடுப்படிக்குள் போய் நின்று அழுததை இவள் பார்த்தாள்.

"அது வேண்டாங் கண்ணு" என்றாள் தெய்வானை. மருதாசலத்தின் சொல் அவள் காதுக்கு வந்தது. அவள் தோட்டைத் தொட்டாள்.

"மாத்திக்கலாம்" என்றது ஒலிபெருக்கி. "உனக்கு அலைச்சல் மிச்சம்."

"சும்மா இருங்க" என்றாள். அந்தச் சொல்லை ஏன் உள்ளேயே நிறுத்தாமல் விட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. அதாவது, வங்கி மூடும்வரை போகவில்லை. புதனும் அப்படியே, வியாழனும் அப்படியே. தூக்குச்சட்டியில் தயிர்சாதம் கொண்டுவந்து அங்கேயே அவருக்கு ஊட்டினாள். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. நிரூபிக்க வழியில்லாத உயிரைக் கண்முன்னால் வைத்துவிட்டால் பிறகு பார்க்கிறவர் பாடு என்று நினைத்தாள் போலிருக்கிறது. அப்படி நினைத்தது தப்பில்லை. வியாழக்கிழமை மதியம் பானு சாப்பிடப் போகவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்காக யாரும் திறந்து பார்த்திராத பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். மாலையில் எழுந்து வந்து, "உங்க நொய்யல் இன்ஜினியர நாளைக்கு வரச் சொல்லுங்கம்மா" என்றாள்.

நாச்சிமுத்து வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தொடுகிற ஆள். விரல் நுனியெல்லாம் ஈயப்பற்று வைத்துச் சுட்ட தழும்பு. பானு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்க கருவி நல்லாத்தான் அனுப்புதுங்க. எங்க சிஸ்டமும் வாங்கிக்குது. ஆனா ஒவ்வொரு பதில்லயும் ரெண்டு ஆளு தெரியறாங்க. ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் சரிங்கறாங்க. ரெண்டு மனசு கலந்த ஒப்பத்த நாங்க ஏத்துக்க மாட்டோம்."

நாச்சிமுத்து மெல்லத் தெய்வானையின் காதைப் பார்த்தார். தெய்வானையின் கையும் அங்கேதான் இருந்தது.

"அப்ப ஏங் கண்ணு பட்டியல்ல இல்லைன்னு வந்துச்சு?"

"எந்தத் தப்பா இருந்தாலும் அதே வரிதாங்கம்மா வரும். உங்களுது மாதிரி கருவிக்கு வேற வரி யாரும் எழுதல."

"சூலூர் வாத்தியார் வீட்டம்மாவுக்கும் நாந்தான் தோடு செஞ்சு குடுத்தேன்" என்றார் நாச்சிமுத்து.

பானுவின் முகம் சுண்டிப் போயிற்று. வாத்தியாரை மாற்றிய பொத்தானை அழுத்தியவள் அவள்தான். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

"சரி, இப்ப என்ன பண்றது?" என்றாள் தெய்வானை. "கழட்டி வெச்சுட்டாப் போவுது."

"கழட்டலாம். ஆனா ஒண்ணு இருக்குதுங்கம்மா." நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "நீங்க விடாம நிறுத்தின பேச்செல்லாம் அழிஞ்சு போகல. உள்ள வரிசையா நிக்குது. தோட்டக் கழட்டினா முதல்ல அது எல்லாம் வெளிய வந்து தீரணும். அப்புறந்தான் அய்யா புதுசாப் பேச முடியும்."

"எத்தன நிக்குது?"

அவர் தன் கையடக்கத் திரையைப் பார்த்தார். "பதினேழு."

தெய்வானை உட்கார்ந்துவிட்டாள். பதினேழில் பதினாறு எப்படிப் போனாலும் பாதகமில்லை; ஊர்வம்பு, சொந்தக்காரன் வம்பு. ஒன்று மட்டும் அப்படியில்லை. அந்த ஒன்றை அவள் ஆறு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் பேசினதில்லை. அது காற்றோடு போய்விட்டது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் கேக்கற மாதிரி உட முடியாதா தம்பி?"

"தோட்டக் கழட்டின பொறவு போறதுக்கு வேற வழி இல்லைங்களே."

மணி நாலு பத்து. மருதாசலத்தின் சொல் காதுக்கு வந்தது: 'என்ன பயம்?' அவள் அதை விடவில்லை. பதினெட்டாயிற்று.

இதோ பார், இதை நீ நிறுத்தி வைத்தால் இனி அவர் பேசவே மாட்டார் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். திருகாணியைத் திருகித் தோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். காது சில்லென்று இருந்தது.

ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. பிறகு ஆரம்பித்தது. முதலில், "என்ன பயம்?"

"உங்கண்ணன் வீட்டுக் காப்பி கை கழுவின தண்ணியாட்ட இருக்குது."

காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த நாச்சிமுத்துவுக்கு வேலையும் தெரியல, தெரியலங்கறதும் தெரியல." நாச்சிமுத்து கூரையைப் பார்த்தார். "டாக்டரு வெச்சிருக்கறது டோப்பா முடி." "எந்தங்கச்சி அழுவறதெல்லாம் நடிப்பு." "இந்தச் சேலை உனக்கு நல்லால்ல." அடுத்தது, "இதுவும் நல்லால்ல." பானு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. தெய்வானை மட்டும் சிரிக்கவில்லை. அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள், பின்னாலிருந்து முன்னால். புதியது முதலில் வருகிறது, பழையது கடைசியில். அப்படியென்றால் அதுதான் கடைசி.

வந்தது. அப்போது கருவிக்கு அவர் குரல் இன்னும் சரியாகப் படியவில்லை. பாதி இயந்திரமாக, பாதி அவராக இருந்தது.

"தெய்வானை. எதாச்சும் குடுத்து என்னய முடிச்சு உட்ரு. உனக்குப் பாரமாக் கெடக்கறேன். கையெடுத்துக் கும்பிடக் கூட ஒரு கைதான் இருக்குது."

பானு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அதை நினைத்த அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி அண்ணன் இருந்தார், நாத்தனார் இருந்தாள், டாக்டர் இருந்தார். அத்தனை பேர் நடுவில் அந்தச் சொல் அவள் காதுக்குள் மட்டும் விழுந்தது. அவள் தோட்டைத் தொடவில்லை. கஞ்சி ஆறிப் போகுது, குடிங்க என்று மட்டும் சொன்னாள். இப்போது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வங்கி என்றும் பாராமல், எதிரில் ஆட்கள் என்றும் பாராமல் அழுதாள்.

"வரிசை காலிங்க" என்றார் நாச்சிமுத்து மெல்ல.

பானு கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கவுன்ட்டரிலிருந்து ஓர் இனிமையான குரல் வந்தது. "வணக்கம். நீங்கள் உயிருடன் இருக்கிறீர்களா? உங்கள் சொந்தச் சொற்களில் பதில் சொல்லவும்."

ஒரு நொடி போயிற்று. இரண்டு, மூன்று. நாச்சிமுத்து நகத்தைக் கடித்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் மருதாசலம். "இவ அழுதுட்டிருக்கறா."

திரை பச்சையானது. 'வாடிக்கையாளர் உயிருடன் உள்ளார். நன்றி.'

பானு சத்தமாக மூச்சு விட்டாள். நாச்சிமுத்து நாற்காலியின் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினார். மணி நாலே முக்கால். காத்திருந்த வாடிக்கையாளர்களில் ஒருவர், என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார்.

தெய்வானை மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு தோட்டை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினாள். "இத நீங்களே வெச்சுக்குங்க தம்பி. ஆறு வருசமா ஒரு மனுசன் வாய மூடி வெச்சிருந்திருக்கறேன். அவரு கும்புடறேன்னு சொன்னதுக்குக் கூட பதில் சொல்லாம."

"நீ மூடல" என்றது ஒலிபெருக்கி. தோடு வந்த பிறகு அவர் புதுச் சொல்லை அவள் மற்றவர்களோடு சேர்ந்து கேட்டது இன்றைக்குத்தான். அது அவளுக்கு என்னவோ போலிருந்தது. "அத நான் உங்கிட்டத்தான் சொன்னேன். சுத்தி நின்ன ஒறம்பரைகிட்டயா சொன்னேன்? நீ கேட்டுட்ட. அன்னைலிருந்து என்ற கட்டிலுக்குக் கீழயே பாயப் போட்டுப் படுத்துக்கிட்ட. இன்னைக்கு வரைக்கும் மாத்திப் போடல. அத விடப் பதில் என்ன வேணும்?"

தெய்வானை நீட்டிய தோட்டோடு கையை மடக்கிக்கொண்டாள்.

"தோட்டப் போடு, அம்மிணி."

நாச்சிமுத்து குறுக்கே வந்தார். "அய்யா, தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இதப் போட்டா மறுபடி ரெண்டு மனசுதான். அடுத்த வருசமும் பேங்க் உங்கள செத்துட்டாருன்னுதான் சொல்லும். இப்பிடியே வந்து, இப்பிடியே கழட்டி, நிக்கறதெல்லாம் கொட்டி..."

"சொல்லட்டும்."

"வருசா வருசமுங்க."

"வருசத்துக்கொருக்கா செத்துக்கறேன். அது ஒரு நாள் சோலி. மீதி நாளெல்லாம் நான் பேசறத இவதான் மொதல்ல கேக்கணும்."

பானு தன் திரையில் வேறு ஒரு பட்டியலைத் திறந்தாள். ஆல்டாவுக்கு மாறிய நொய்யல்காரர்கள், நாற்பத்தொரு பேர். முதல் பெயரே சூலூர் வாத்தியாருடையது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "அவருக்குப் பழைய தகடு இன்னும் உள்ள இருக்குங்களா?" என்று கேட்டாள். எடுக்கவில்லை, அணைத்துத்தான் வைத்திருக்கிறது என்றார் நாச்சிமுத்து. அவர்கள் இருவரும் தலையைத் திரைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

தெய்வானை தோட்டைக் காதில் வைத்துப் பார்த்தாள். துவாரம் அகப்படவில்லை, திருகாணி நழுவி மடியில் விழுந்தது. மருதாசலம் இடக்கையை நீட்டினார். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் பார்க்க அவர் அவளைத் தொட்டதே கிடையாது. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுத் தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

ஒற்றைக் கையால் தோடு போடுவது லேசில்லை. தோடு இரண்டு தரம் வழுக்கியது. ஐந்தடித்ததும் கதவைப் பூட்ட வந்த காவலாளி, சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு, அவர் போட்டு முடிக்கட்டும் என்று நின்றார்.